எண்பத்தெட்டாம் ஏடு

மரியரட்ணத்தின் வேலை பார்ப்பது. வாசிப்பது அல்ல. அதை முதல் நாளே ஹெலன் சொல்லியிருந்தார்.

ஐரோப்பாவின் மலையடிவாரங்களில் உள்ள பழைய மடாலயங்களில், துறவிகள் கையால் எழுதிவைத்த புத்தகங்களை யாரோ ஒருவர் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கிறார். படச்சுருள்கள் தகரப் பெட்டிகளில் ரொறன்ரோவுக்கு வருகின்றன. நகரின் நடுவில், கல்லூரிக் கட்டடம் ஒன்றின் நிலக்கீழ் அறையில், மரியரட்ணம் அவற்றை வெளிச்சமேசையின் மேல் மெல்ல இழுத்து, உருப்பெருக்கிக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார். எழுத்து தெளிவாக விழுந்திருக்க வேண்டும். விரலின் நிழல் படக்கூடாது. ஏட்டின் மேல் மூலையில் இருக்கும் எண்கள் ஒழுங்காக வர வேண்டும். படம் பிடிப்பவர் இரண்டு ஏடுகளைச் சேர்த்துப் புரட்டிவிட்டால் எண் தாவும். தாவினால் குறித்துவைத்து ஹெலனிடம் சொல்ல வேண்டும். ஹெலன் அந்த அறைக்குப் பொறுப்பானவர்.

மன்னாரில் மீனவர் சங்கத்தில் கிளாக்காக இருந்தவருக்கு இது கடினமான வேலை இல்லை. கண் மட்டும் களைக்கும் வேலை என்று மனைவி அன்ரனெற் சொல்வாள். அவள் வேலை செய்வது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். அவளுக்குக் களைக்காத இடம் என்று உடம்பில் ஒன்றும் இல்லை.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஒக்ரோபர் முடிவில், தடித்த புத்தகம் ஒன்றின் சுருளைப் பார்த்து முடிக்கும் நேரம், கடைசி ஏட்டின் அடியில் சின்ன எழுத்தில் சில வரிகள் இருந்தன. மரியரட்ணத்துக்கு லத்தீன் தெரியாது. ஆனால் சிறுவயதில் கோவில் பீடத்தில் உதவி செய்தவர். அந்தக் காலத்து லத்தீன் பூசைக்குரிய மறுமொழிகளை அர்த்தம் தெரியாமலே பாடமாக்கியவர். மன்றாடு என்பதற்கான சொல்லைக் கண்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஹெலனைக் கூப்பிட்டார்.

ஹெலன் குனிந்து பார்த்துச் சொன்னார். எழுதி முடித்தவன் உல்ரிக். கை விறைத்துப்போயிற்று, கண்ணும் இப்போது சரியில்லை. இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் எனக்காக ஒருமுறை மன்றாடும்.

இப்படி யாராவது மன்றாடுவதுண்டா என்று மரியரட்ணம் கேட்டார். ஹெலன் சிரித்தார். இங்கே படிக்க வருகிறவர்கள் எழுதிய ஆண்டைத்தான் குறித்துக்கொண்டு போவார்கள் என்றார்.

மரியரட்ணம் சுருளைத் திருப்பிச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் ஒருவர் கேட்டதைக் கொடுக்காமல் வந்துவிட்டதுபோல் இருந்தது.

சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்கள் இருந்த அடுக்குமாடி வீட்டின் சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சன்னல்கள்தான் தெரியும். சமையலறை மேசையில் கோவிலில் கொடுத்த உறை கிடந்தது. நவம்பர் மாதம் மரித்தவர்களின் மாதம். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி அந்த உறைக்குள் போட்டுக் கொடுத்தால், மாதம் முழுவதும் ஞாயிறு பூசையில் பாதர் வாசிப்பார். மோட்சம் போகுமுன் பாவம் கழிக்கும் உத்தரிக்கிற தலத்தில் இருக்கும் ஆத்துமாக்களுக்கு உயிரோடு இருப்பவர்கள் செய்யக்கூடியது அதுதான்.

ஒவ்வொரு வருடமும் இந்த உறை வரும்போது இரண்டு பேரும் கதைப்பதைக் குறைத்துக்கொள்வார்கள்.

அவர்களுடைய ஒரே மகன் டெஸ்மனைத் தொண்ணூறாம் ஆண்டு இராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கொண்டுபோனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதன்பிறகு கண்டவர்கள் இல்லை. உடல் இல்லை, செய்தி இல்லை, துண்டுக் கடதாசி இல்லை.

அன்ரனெற் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அர்ச்சியசிட்டவர் அவர்தான். மரியரட்ணமும் பக்கத்தில் முழந்தாளில் இருப்பார். ஆனால் அவருக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை செத்திருந்தால், இந்த நாலு வருடமாக அவனுக்காக ஒருவரும் மன்றாடவில்லை. பிடிபட்டவர்களைப் பார்க்கப் போகும்போது முகாம் வாசலில் ஒருவன் பெயர் கூப்பிடுவானே, அதுபோல உத்தரிக்கிற தலத்திலேயும் பெயர்கள் கூப்பிடப்படும். மற்றவர்கள் எழுந்து போவார்கள். டெஸ்மன் மட்டும் தன் பெயர் வருமென்று குந்தியிருப்பான். நம்பிக்கொண்டிருப்பதற்கும் உடம்பில் பலம் வேண்டும். மரியரட்ணத்திடம் அது முடிந்துவிட்டிருந்தது.

"எழுதியாச்சோ?" என்று அன்ரனெற் அடுப்படியில் நின்றபடி கேட்டாள்.

"எழுதுறன்."

"அப்பா, அம்மா, என்ரை தம்பி. அவ்வளவுதான்."

"அன்ரனெற்."

"கொழும்பிலை புது அரசாங்கம். பேச்சுவார்த்தை எண்டு ரேடியோவிலை சொல்லுறாங்கள். பிடிச்சுவைச்ச பிள்ளையளை விடப்போறாங்களாம். இந்த நேரம் பாத்து அவனைச் செத்த ஆக்களோடை சேக்கப்போறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"நீங்கள் பேனையைப் பிடிச்சிருக்கிற விதம் எனக்குத் தெரியும்."

அவர் எழுதினார். சவிரிமுத்து, மரியம்மா, யோசப். பேனையை மூடப்போனவர், திறந்து, உல்ரிக் என்றும் எழுதி, உறையை ஒட்டினார்.

தமிழ்ப் பூசை ஸ்காபரோவில், இத்தாலியர்களின் கோவிலொன்றில், பின்னேரத்தில் நடந்தது. வோர்டன் நிலையம் வரை சுரங்க ரயிலில் போய், பிறகு பஸ் எடுக்க வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு அலெக்ஸாண்டர் பாதர் பெயர்களை வாசித்தார். பட்டியலை ஒழுங்குபடுத்திக் கொம்பியூட்டரில் தட்டெழுதும் றெஜினா தாள் புரட்டுவதற்காகப் பக்கத்தில் நின்றாள். சவிரிமுத்து, மரியம்மா, யோசப். பாதர் ஒரு கணம் தாளுக்குக் கிட்டக் குனிந்தார். உல்ரிக். இரண்டு மூன்று தலைகள் திரும்பின. அன்ரனெற் திரும்பவில்லை.

பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். றெஜினா நேரே வந்தாள்.

"மரியரட்ணம் அண்ணை, ஆர் உந்த உல்ரிக்? உங்கடை பரம்பரையிலை ஒல்லாந்தரும் இருக்கினமோ? நிறத்தைப் பாத்தால் தெரியேல்லை."

"வேலையிடத்திலை ஒரு ஆள்."

"ஐயோ பாவம். எப்ப மோசம் போனவர்?"

"கொஞ்சக் காலம்."

"என்ன வருத்தம்?"

"தெரியாது. கண் சரியில்லை எண்டு சொன்னவர்."

"சீனி வருத்தமாத்தான் இருக்கும். சீனிதான் கண்ணிலை அடிக்கிறது. குடும்பம் இருக்கோ? கோவில் சங்கத்தாலை ஒரு கார்ட் அனுப்புவமே."

"ஒருத்தரும் இல்லை" என்றார் மரியரட்ணம். "சாமியார்."

றெஜினா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கட்லட் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனாள்.

பஸ்ஸில், வோர்டன் நிலையம் கிட்டும்போது அன்ரனெற் கேட்டாள்.

"ஆர் உல்ரிக்?"

அவர் சொன்னார். மடாலயம், புத்தகம், கடைசி ஏடு, விறைத்த கை.

"எத்தினை வருஷத்துக்கு முந்தி?"

"ஐஞ்ஞூறு இருக்குமாம்."

"இன்னும் உத்தரிக்கிற தலத்திலைதான் இருக்கிறாரெண்டு நினைக்கிறியளோ?"

"தெரியாது. மன்றாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நான் கண்டிட்டன். காணாதமாதிரி இருக்கேலாது."

"டெஸ்மன் உங்களைக் கேட்டவனோ?"

"நான் டெஸ்மனைப் பற்றிக் கதைக்கேல்லை."

"கதைக்கேல்லைத்தான்" என்றாள். "ஒத்திகை பாக்கிறியள். முதல் ஆரெண்டே தெரியாத ஆள். அடுத்த வருஷம் என்ரை பிள்ளை."

அவள் சொல்லும்வரை அது அவருக்கே தெரியாமல் இருந்தது.

அந்தக் கிழமை வீட்டில் தேவையான சொற்கள் மட்டும் புழங்கின. சோறு இருக்கு. கதவைப் பூட்டுங்கோ. லொன்றிக்கு உடுப்பு இறக்கவேணும். அன்ரனெற் வேலையால் வந்து கைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் இருப்பாள். பேச்சுவார்த்தையைப் பற்றி ஏதும் சொன்னால் ஒலியைக் கூட்டுவாள். மற்ற நேரத்தில் குறைத்துவிடுவாள். ஒரு தரம் ஒரு தூதுக்குழு போனதாகச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதே மடாலயத்தின் இன்னொரு சுருள் மரியரட்ணத்தின் மேசைக்கு வந்தது. செபப் புத்தகம். ஓரங்கள் கறுத்து, எத்தனையோ கைகள் பிடித்த புத்தகம். எண்பத்தேழாம் ஏட்டுக்குப் பிறகு எண்பத்தொன்பது வந்தது. சேர்த்துப் புரட்டிவிட்டார் என்று நினைத்துப் பென்சிலை எடுத்தார். பிறகுதான், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு படம் இருப்பதைக் கவனித்தார். புத்தகம் திறந்தபடி இருந்தது. நடுவில் ஒரு வெள்ளை அட்டை. அதில் ஒரே ஒரு லத்தீன் சொல்.

ஹெலன் விளங்கப்படுத்தினார். அது படம் பிடித்தவரின் பிழை இல்லை. புத்தகத்திலேயே அந்த ஏடு இல்லை. அப்படியான இடத்தில் இந்த அட்டையை வைத்துப் படம் எடுப்பது வழக்கம். பார்க்கிறவர் தேடி மினக்கெடாமல் இருக்க.

என்ன எழுதியிருக்கிறது என்று மரியரட்ணம் கேட்டார். கிழிந்தது என்றா, எரிந்தது என்றா.

அப்படி ஒன்றும் இல்லை என்றார் ஹெலன். என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும். இங்கே இருக்க வேண்டியது, இங்கே இல்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். சில மடாலயங்களில் தொலைந்த ஏடு வேறொரு நாட்டில், வேறொரு புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டியிருந்து கண்டுபிடிக்கப்பட்டதும் உண்டு. பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஹெலன் தன் மேசைக்குப் போனபிறகும் மரியரட்ணம் சுருளை நகர்த்தவில்லை. அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர்கள் எண்பத்தொன்பதாவதை, தொண்ணூறாவதை எல்லாம் அழித்து ஒவ்வொன்றாகக் குறைத்து எழுதியிருக்கலாம். ஒரு பின்னேர வேலை. எழுதியிருந்தால் இடையில் ஒன்று இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவந்திராது. அவர்கள் எழுதவில்லை. எண்பத்தெட்டு என்ற எண்ணை வேறு ஏட்டுக்குக் கொடுக்காமல் விட்டிருந்தார்கள்.

அன்று அன்ரனெற் வேலையால் வந்தபோது அவர் சோறு வடித்து, மீன்குழம்பைச் சூடாக்கி வைத்திருந்தார். அவள் கை கழுவினாள். எவ்வளவு கழுவினாலும் சலவைக்கூடத்து மணம் போவதில்லை. இருவரும் சாப்பிட்டார்கள்.

"இண்டைக்கு ஒரு புத்தகம் பாத்தனான்" என்றார்.

"இன்னொரு சாமியாரோ?"

"இல்லை. ஒரு ஏடு இல்லை அதிலை."

அவள் முள்ளைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அட்டையைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல, சொல்வதற்கு அதில் அவ்வளவு இல்லை என்று தோன்றியது. பாதியில் விட்டார். அவள் விடவில்லை.

"செத்ததெண்டு எழுதேல்லையோ?"

"ஏடு எப்பிடிச் சாகும்? கிழிஞ்சதெண்டும் எழுதேல்லை. இல்லை எண்டு மட்டும்."

"அந்த அட்டையிலை என்ன ஏடெண்டு போட்டிருக்கோ?"

"இல்லை."

"அப்ப எதைத் தேடுறதெண்டு என்னெண்டு தெரியும்?"

"முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிறதைப் பாத்தால் தெரியும்."

அன்ரனெற் தட்டைத் தள்ளிவைத்தாள். சன்னலுக்கு அப்பால் எதிர்க் கட்டடத்தில் ஒரு வீட்டில் யாரோ திரைச்சீலையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டிருந்தவர் கதிரையை விட்டு இறங்கி, தள்ளிநின்று பார்த்து, சரியில்லையென்று திரும்பவும் ஏறினார்.

"யோசப்பின்ரை பேருக்குப் பிறகு" என்றாள் அவள். "அவன்தானே இவனைத் தோளிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சவன். அதுக்குப் பிறகு பாதர் கொஞ்சம் பேசாமல் நிக்கட்டும். பேர் சொல்லக்கூடாது. செத்ததெண்டு நினைச்சுக்கொண்டும் நிக்கக்கூடாது."

"சரி."

"செத்திருந்தால் அது அவனுக்குப் போய்ச் சேரட்டும். இல்லாட்டி அந்தோனியார் எடுத்துக்கொண்டு போகட்டும்."

அடுத்த ஞாயிறு நேரத்துக்கே போய் அலெக்ஸாண்டர் பாதரைக் கண்டார்கள். பாதர் முப்பதுகளில் இருந்தவர். பூசை உடுப்பை அரைவாசி போட்டபடி கேட்டுக்கொண்டு நின்றார். உடனே சரி என்று சொல்லவில்லை.

"செபமாவது சொல்லலாம் அன்ரி. சும்மா நிண்டால் சனம் என்ன நினைக்கும்? பாதருக்கு மறதி வந்திட்டுது எண்டெல்லே நினைக்கும்."

"அது இப்பவும் அப்பிடித்தான் கதைக்கினம், பாதர்" என்றாள் அன்ரனெற்.

பாதர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார்.

"எவ்வளவு நேரம் நிக்கவேணும்?"

"ஒரு பேர் சொல்லுற நேரம். சின்னப் பேர்தான்."

"நான் மனசுக்குள்ளை சொல்லட்டோ?"

"வேண்டாம் பாதர். நீங்களும் சொல்லாதேங்கோ."

அன்றைய பூசையில் பெயர்களைத் திருமணப் பயிற்சி நடத்த வந்த இன்னொரு பாதர் வாசிப்பதாக முன்பே ஒழுங்காகியிருந்தது. அதனால் அடுத்த ஞாயிற்றுக்குச் செய்வதாக அலெக்ஸாண்டர் பாதர் சொன்னார். மறந்துபோகாமல் இருக்க, பட்டியலின் அடுத்த பிரதியில் யோசப்புக்கும் உல்ரிக்குக்கும் இடையில் ஒரு வரியை வெறுமையாக விட்டு, கொம்பியூட்டரில் தானே திருத்திவைப்பதாகவும் சொன்னார்.

அந்த ஒரு கிழமை அன்ரனெற் ரேடியோவை அவ்வளவாகப் போடவில்லை. தனக்குள் எதையோ ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை தன் நீலச் சேலையை ஸ்திரி போட்டாள். கோவிலுக்கு வழக்கமாக அவள் சேலை உடுப்பதில்லை, குளிர். மரியரட்ணம் பார்த்தும் கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு கோவில் நிறைந்திருந்தது. வெக்ஸ்போர்ட் பக்கத்துக் குடும்பங்கள் புதிதாகப் பெயர்கள் கொடுத்திருந்தன. பட்டியல் நீண்டிருந்தது. றெஜினா புதுத் தாள்களைப் பிடித்துக்கொண்டு பாதருக்குப் பக்கத்தில் நின்றாள். பாதர் வாசிக்கத் தொடங்கினார். அன்ரனெற் முன்னாலிருந்த மரவாங்கின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சவிரிமுத்து. மரியம்மா. யோசப்.

உல்ரிக்.

இடைவெளி வரவில்லை. பாதரின் குரல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. மரியரட்ணம் அன்ரனெற்றின் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த குடும்பத்தின் பெயர்கள் தொடங்கின. இன்னாசி. செபமாலை. திரேசம்மா.

பாதர் நின்றார்.

தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. திரும்பிப் போக முடியாது. அவர் அப்படியே நின்றார். சுவரோரம் வெப்பக் குழாய் தட்டும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை சப்பாத்தால் வாங்கை உதைத்துக்கொண்டிருந்தது, அதுவும் ஓய்ந்தது. பாதர் வரியைத் தவறவிட்டுவிட்டார் என்று நினைத்த றெஜினா, எட்டி அடுத்த பெயரில் விரலை வைத்தாள். பாதர் வாசிக்கவில்லை. அவள் விரலால் இரண்டு தரம் தட்டினாள். பாதர் அவளையும் பார்க்கவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு அதுவும் இல்லை.

அதன்பின் பாதர் குனிந்து அடுத்த பெயரை வாசித்தார்.

கீழ் மண்டபத்தில் றெஜினா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, உங்கடை ஆக்களின்ரை பேருக்கை ஒரு வெறும் வரி கிடந்தது. கொம்பியூட்டர் பிழையாக்கும் எண்டு நான் எடுத்துவிட்டனான். இப்ப வடிவா இருக்கு."

"பறவாயில்லை" என்றார் மரியரட்ணம்.

"உல்ரிக்கை அடுத்த வருஷமும் போடவோ?"

"போடும்."

கூட்டத்துக்குள்ளால் பாதர் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. அதற்குள் திரேசம்மாவின் மகள் பெர்னதெற் அன்ரனெற்றின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"கண்டியளே அக்கா? அம்மான்ரை பேரைச் சொல்லிப்போட்டு பாதர் எவ்வளவு நேரம் நிண்டவர். அம்மாவை அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஏதோ தோன்றியிருக்குது பாருங்கோ."

அன்ரனெற் அவளைப் பார்த்தாள். பெர்னதெற்றின் தோளுக்கு மேலால் பாதர் நிற்பதையும் பார்த்தாள். வரவேண்டாமென்று அவருக்கு மெதுவாகத் தலையை ஆட்டினாள். பாதர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டார்.

"கண்டனான்" என்றாள் அன்ரனெற். "நல்லா நிண்டவர்."

வெளியில் மழையும் இல்லை பனியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ விழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் அவள் சன்னல் பக்கம் இருந்தாள். நீலச் சேலையின் கரை நனைந்திருந்தது. அதைப் பிழிந்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிழையான இடத்திலை நிண்டவர்" என்றாள்.

"ஓம்."

நிறுத்தங்கள் போய்க்கொண்டிருந்தன. மரியரட்ணம் கண்களை மூடினார். கிழமை முழுவதும் பார்த்த கண்கள் எரிந்தன. அவள் நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்தார்.

"ஆனா சொன்னதைவிடக் கூட நேரம் நிண்டவர்" என்றாள். "டெஸ்மன் எண்டு சொல்லுற நேரமில்லை. அவன்ரை முழுப்பேரும் சொல்லுற நேரம்."

மரியரட்ணம் கண்ணைத் திறக்காமலே அந்த முழுப்பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். பாதியில், அவள் சொல்லக்கூடாதென்று சொன்னது ஞாபகம் வந்து, நிறுத்திக்கொண்டார்.